எந்த பிரசிடென்ட்?

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி "பிரசிடென்ட் வீடு எங்கேங்க?" என்று கேட்டுப் பாருங்கள். யாரும் டெல்லிக்கு வழி சொல்ல மாட்டார்கள். ஊராட்சி மன்றத் தலைவர் வீட்டைத்தான் காட்டுவார்கள். தமிழ்நாட்டு கிராமங்களில் பிரசிடென்ட் என்றால் அவர்தான்.

ஒரு பிரசிடென்ட்டை எப்போது பதவியிலிருந்து இறக்கலாம், மக்கள் அதற்கு என்ன செய்ய முடியும்? இதுதான் இன்றைய கேள்வி. டெல்லியில் தொடங்கி மலைக்கு வரலாம்.

அரசியலமைப்பின் 61ஆவது பிரிவு ஒரே ஒரு காரணத்தைத்தான் சொல்கிறது: அரசியலமைப்பை மீறுதல். ஊழல், திறமையின்மை, "எங்களுக்குப் பிடிக்கலை" என்று எதுவும் அந்தப் பிரிவில் இல்லை. ஏதாவது ஒரு அவையின் நாலில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டு, 14 நாள் நோட்டீஸ் கொடுக்கணும். மக்களவை என்றால் 136 பேர். அந்த அவை மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு, அதாவது 543இல் 362 ஓட்டோடு, குற்றம் சாட்டணும். பிறகு இன்னொரு அவை விசாரித்து, அதே மாதிரி மூன்றில் இரண்டு பங்கோடு முடிவு சொல்லணும். வராமல் இருப்பவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஒரு வேடிக்கை: குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது எம்.எல்.ஏ.க்களுக்கும் ஓட்டு உண்டு. இறக்கும்போது கிடையாது.

இந்தப் பிரிவு இதுவரை ஒருமுறைகூட பயன்பட்டதில்லை. பயன்பட்டிருக்கணுமா என்று கேட்டால், மூன்று கையெழுத்துகளைப் பார்க்கணும்.

முதலாவது, 1975 ஜூன் 25 இரவு. ஃபக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். மத்திய அமைச்சரவை கூடியது மறுநாள் காலையில்தான். அவசரம் என்றால் பிரதமர் முதலில் முடிவெடுத்துவிட்டு, பிறகு அமைச்சரவை ஒப்புதல் வாங்கலாம் என்ற அலுவல் விதியைக் காட்டினார்கள். அதே வருஷம் டிசம்பரில் அபு ஆபிரகாம் ஒரு கார்ட்டூன் போட்டார்: குடியரசுத் தலைவர் குளியல் தொட்டியில் உட்கார்ந்தபடியே அவசரச் சட்டங்களில் கையெழுத்துப் போடுகிறார். என்னைக் கேட்டால், 61ஆவது பிரிவுக்கு மிக அருகில் வந்த கையெழுத்து அந்த ஜூன் மாதத்துக் கையெழுத்துதான். ஆனால் தீர்மானம் கொண்டுவர வேண்டிய எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். பின்னால், 1978இல் வந்த 44ஆவது திருத்தம், அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் நெருக்கடி நிலையை அறிவிக்கலாம் என்று ஆக்கியது. மனுஷனைத் தண்டிக்க முடியவில்லை. ஓட்டையை அடைத்தார்கள்.

இரண்டாவது நம்ம ஊர் கதை. 1991 ஜனவரி 30, கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டது. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை அனுப்ப மறுத்தார். இருந்தும், குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன் கையெழுத்துப் போட்டார். அது எப்படி முடிந்தது? 356ஆவது பிரிவில் "ஆளுநரின் அறிக்கை பெற்றோ, வேறு வகையிலோ" என்று இருக்கிறது. அந்த 'வேறு வகையிலோ' என்ற இரண்டு வார்த்தையில் ஒரு ஆட்சி போனது. அநியாயம் என்று சொல்ல நிறைய இடமுண்டு, ஆனால் அரசியலமைப்பு மீறல் என்று சொல்வது கஷ்டம்.

மூன்றாவதுதான் தர்மசங்கடம், ஏன்னா அது அப்துல் கலாம். 2005 மே மாதம் பீகார் சட்டசபையைக் கலைக்கும் உத்தரவில், மாஸ்கோவில் இருந்தபடியே இரவோடு இரவாகக் கையெழுத்துப் போட்டார். அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அப்போ அவரை இறக்கியிருக்கணுமா? இல்லை என்றுதான் சொல்வேன். அமைச்சரவை சொன்னால் ஒருமுறை திருப்பி அனுப்பலாம், மறுபடி அனுப்பினால் கையெழுத்துப் போட்டே ஆகணும். தப்பு முதலில் ஆலோசனை சொன்னவர்களுடையது. ஆனால் அந்த ஒருமுறை திருப்பி அனுப்பும் உரிமையை அவர் பயன்படுத்தவில்லை. அந்த நேரத்தில் ராஜினாமா பற்றி யோசித்ததாக அவரே பின்னாளில் எழுதினார்.

சரி, மக்கள் எங்கே வருகிறார்கள்? 61ஆவது பிரிவில் எங்கேயும் வரவில்லை. தென் கொரியாவிலும் தீர்மானம் போட்டது நாடாளுமன்றம்தான். ஆனால் 2016 குளிர்காலத்தில் வாராவாரம் சனிக்கிழமை லட்சக்கணக்கானவர்கள் மெழுகுவர்த்தியோடு தெருவில் நின்ற பிறகுதான் 300 பேரில் 234 பேர் பார்க் குன் ஹேவுக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களும் அதில் இருந்தார்கள்.

இங்கே அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது நீதிபதி வி.ராமசாமி வழக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்காரர், உச்ச நீதிமன்ற நீதிபதி. பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தபோது அரசு வீட்டுக்கு மேஜை, நாற்காலி வாங்கியதில் தாறுமாறாகச் செலவு செய்தார் என்று குற்றச்சாட்டு. 1991இல் 108 எம்.பி.க்கள் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குள் மக்களவையே கலைந்துவிட்டது. அதோடு கதை முடிந்திருக்கும். வழக்கறிஞர்கள் சேர்ந்து அமைத்த ஒரு குழு உச்ச நீதிமன்றம் போய், அவை கலைந்தாலும் இந்தத் தீர்மானம் காலாவதி ஆகாது என்று தீர்ப்பு வாங்கியது. விசாரணைக் குழு 14 குற்றச்சாட்டில் 11 நிரூபணம் ஆனது என்றது. 1993 மே 11 அன்று ஓட்டெடுப்பு. ஆதரவு 196, எதிர்ப்பு பூஜ்ஜியம். காங்கிரஸும் கூட்டணிக் கட்சிகளும், மொத்தம் 205 பேர், அவையில் உட்கார்ந்துகொண்டே ஓட்டுப் போடவில்லை. தீர்மானம் தோற்றது. 'எதிர்க்கவும் இல்லை, இறக்கவும் இல்லை' என்ற அந்த சாமர்த்தியத்துக்கு ஈடா இன்னொன்றை நான் படித்ததில்லை.

இப்போ மலைக்கு வருவோம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, பிரிவு 205. ஊராட்சித் தலைவர் வேண்டுமென்றே கடமையைச் செய்யாவிட்டாலோ, சட்டத்தை மீறினாலோ, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினாலோ கலெக்டர் நடவடிக்கை எடுக்கலாம். தானாகவும் தொடங்கலாம். இல்லையென்றால், வார்டு மெம்பர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் குற்றச்சாட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவர்களில் இரண்டு பேர் நேரில் போய்க் கொடுக்கணும். ஒன்பது மெம்பர் என்றால் ஆறு கையெழுத்து. கலெக்டர் விளக்கம் கேட்பார். திருப்தி இல்லையென்றால், தாசில்தார் வந்து ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் போட்டு மன்றத்தின் கருத்தைப் பதிவு செய்வார். கடைசி முடிவு கலெக்டருடையது. பல சமயம் அதற்கும் முன்னாடியே முதலில் போவது செக் பவர்.

கவனியுங்கள், இங்கேயும் ஓட்டுப் போட்ட மக்களுக்கு நேரடி உரிமை இல்லை. மக்களவையில் எம்.பி., மலையில் வார்டு மெம்பர். ஆனால் தூரம் வேற. எம்.பி.யைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட் வேணும். வார்டு மெம்பர் பக்கத்துத் தெரு. கிராம சபையில் வரவு செலவைக் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பில்லை வாங்கி, அந்தத் தாளோடு ஆறு பேர் வீட்டுக்கு நடக்கலாம். ஆனால் பழைய பகை, ஜாதிக் கணக்கு, அடுத்த தேர்தல் என்று அந்த ஆறு கையெழுத்துக்குப் பின்னால் எதுவும் இருக்கலாம். குறிப்பாகத் தலைவர் பெண்ணாகவோ, தனித் தொகுதியில் வந்தவராகவோ இருந்தால், புகாரில் நிஜமான பில் இருக்கா, வெறும் எரிச்சல் இருக்கா என்று இரண்டு தடவை பார்க்கணும். மக்கள் ஓட்டில் நேரடியாக வந்தவரைக் கலெக்டர் கையெழுத்தில் அனுப்புவது சின்ன விஷயம் இல்லை.

இதில் இன்னொரு சிக்கல். திருவண்ணாமலை உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. தேர்தல் நடக்காமல், ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. ஜவ்வாது மலை ஊராட்சிகளும் அப்படித்தான். பிரசிடென்ட் இல்லாமல் போனார், கையெழுத்துப் போட வார்டு மெம்பரும் இல்லாமல் போனார். தெருவிளக்கு எரியலை என்றால் மனு போன இடம் பி.டி.ஓ. அலுவலகம். அந்த அலுவலருக்கு 205ஆவது பிரிவு பொருந்தாது.