வெட்டி எடுக்கப்பட்ட தாள்

காமிக்ஸ் தொடர்பான பழைய புத்தகங்களைச் சேகரிக்கிறேன் என்று யாரிடம் சொன்னாலும், "முத்து காமிக்ஸ் முதல் இதழ் வச்சிருக்கீங்களா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை. இரும்புக்கை மாயாவிக்காகப் பழைய புத்தகக் கடைகளில் தூசி தட்டும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. என் அலமாரியில் இருப்பது வேறு சரக்கு. காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறது, தடை செய், கொளுத்து என்று 1940களிலும் 50களிலும் அமெரிக்காவில் எழுதப்பட்ட புத்தகங்கள், வார இதழ்கள், பெற்றோருக்கான பத்திரிகைகள்.

"இதையெல்லாம் எதுக்குய்யா காசு குடுத்து வாங்குற?" என்று கேட்காதவர்கள் இல்லை. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு சிஸ்டம் படுத்துவிட்டால் அறையில் இருக்கும் பத்துப் பேரும் பத்துக் காரணம் சொல்வார்கள். யார் குரல் ஓங்குகிறதோ அவர் காரணமே கொஞ்ச நேரத்துக்கு உண்மையாகிவிடும். அந்த நேரத்தில் சத்தம் போடாமல் லாக் ஃபைலைத் திறந்து பார்ப்பவனே உருப்படியான ஆள். ஒரு தேசமே சேர்ந்து பயந்த காலத்தின் லாக் ஃபைல்கள் இந்தக் காகிதங்கள்.

முதல் பதிவு 1940 மே 8. சிகாகோ டெய்லி நியூஸ் பத்திரிகையில் ஸ்டெர்லிங் நார்த் ஒரு தலையங்கம் எழுதினார். பத்து சென்ட்டுக்கு விற்கும் வண்ணக் காமிக்ஸ் புத்தகங்கள் தேசிய அவமானம் என்றார். பிள்ளைகளுக்கு நல்ல இலக்கியம் கொடுங்கள் என்பது அவர் சொன்ன மருந்து. பிற்காலத்தில் ரக்கூன் குட்டி ஒன்றை வைத்து 'ராஸ்கல்' என்ற அழகான சிறுவர் நூலை எழுதியவரும் இவர்தான். ஆக, குழந்தைகள்மேல் அக்கறை இல்லாத ஆள் என்று தள்ளிவிட முடியாது. அடுத்த ஆண்டே 'பேரன்ட்ஸ் மேகஸின்' நிறுவனத்தார் தாங்களே ஒரு காமிக்ஸ் ஆரம்பித்தார்கள். பெயர் 'ட்ரூ காமிக்ஸ்'. மகான்கள், வீரர்கள், உண்மை வரலாறு. கசப்பு மருந்தை வெல்லத்தில் உருட்டிக் கொடுக்கிற பாட்டி வைத்தியம்.

அதுவரை இது பெரியவர்களின் முணுமுணுப்பு. போர் முடிந்து, குற்றக் கதைக் காமிக்ஸ் விற்பனை ஏறியபோது முணுமுணுப்பு கூச்சலானது. 1948 மார்ச் 27 தேதியிட்ட 'காலியர்ஸ்' இதழில் ஜூடித் கிரிஸ்ட் எழுதிய கட்டுரை வந்தது. குழந்தைகள் அறைக்குள் பயங்கரம் புகுந்துவிட்டது என்பது தலைப்பின் சாரம். கூடவே பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிவைத்து வதைப்பது போன்ற படங்கள், எல்லாம் நடிக்க வைத்து எடுத்தவை. ஒரு மாடல் குழந்தை கேமராவுக்குக் காட்டிய பயம், வாசிக்கிற பெற்றோரிடம் நிஜப் பயமாகப் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்சர் ஊரிலும், டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டனிலும் பள்ளிப் பிள்ளைகள் காமிக்ஸ்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். நாஜிகள் புத்தகம் எரித்ததைக் கண்டித்துப் போர் முடித்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது.

காலியர்ஸ் கட்டுரையின் நாயகர் டாக்டர் ஃப்ரெட்ரிக் வெர்தம். ஜெர்மனியிலிருந்து வந்த மனநல மருத்துவர். அவர் 1954இல் வெளியிட்ட 'செடக்‌ஷன் ஆஃப் தி இன்னொசென்ட்' என்ற நூல்தான் இந்த இயக்கத்தின் வேதப் புத்தகம். குற்றக் காமிக்ஸ் படிப்பது சிறார் குற்றத்துக்கு ஒரு காரணம் என்பது அதன் வாதம். ரைன்ஹார்ட் பதிப்பகம், நியூயார்க். என்னைப் போன்றவர்கள் இந்தப் புத்தகம் கையில் கிடைத்தால் முதலில் செய்வது கடைசிப் பக்கத்தைத் திருப்புவது. 399, 400 இருக்கிறதா? பெரும்பாலான பிரதிகளில் இருக்காது. தாள் வெட்டப்பட்ட இடத்தில் மெல்லிய விளிம்பு ஒன்று தையலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். காமிக்ஸ் வெளியீட்டாளர்களின் பெயர்கள் அடங்கிய பட்டியல் அந்தத் தாளில் இருந்தது. அவர்கள் வழக்குப் போடுவார்கள் என்ற பயத்தில், அச்சான பிறகு பதிப்பகமே அதை வெட்டி எடுத்துவிட்டது என்று சொல்கிறார்கள். தாள் தப்பிய பிரதிக்கு விலை பல மடங்கு. என் பிரதியில் வெறும் விளிம்புதான்.

அந்த விளிம்பை விரலால் தடவும்போதெல்லாம் ஒன்று உறுத்தும். நானூறு பக்கக் குற்றச்சாட்டு. அடிக்குறிப்பு ஒன்றுகூடக் கிடையாது. பல இடங்களில் எந்தக் காமிக்ஸ், எந்த இதழ் என்றே சொல்லவில்லை. மருத்துவமனைக்கு வந்த சிறுவன் இப்படிச் சொன்னான், சிறுமி அப்படிச் சொன்னாள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். சரிபார்க்க வழியே இல்லை. மருத்துவர் சொல்கிறார், நம்பு. அவ்வளவுதான்.

வெர்தமை வில்லனாக்கிவிட்டால் எழுதுவது சுலபம். காமிக்ஸ் ரசிகர்கள் அதைத்தான் ரொம்ப காலம் செய்தார்கள். ஆனால் அதே அலமாரியில் இன்னொரு வெர்தமும் இருக்கிறார். 1946இல் ஹார்லெம் பகுதியின் செயின்ட் பிலிப்ஸ் தேவாலய அடித்தளத்தில் லஃபார்க் மனநல மருத்துவமனையைத் தொடங்கியவர் அவர். கறுப்பின மக்களுக்கு மனநல சிகிச்சை எட்டாக்கனியாக இருந்த நகரத்தில், 25 சென்ட் கட்டணம், இல்லாதவர்களுக்கு அதுவும் வேண்டாம். எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் அதற்குத் துணை நின்றார். 1951இல் டெலவேர் நீதிமன்றத்தில், நிறத்தால் பிரிக்கப்பட்ட பள்ளிகள் குழந்தைகளின் மனதைச் சிதைக்கின்றன என்று வெர்தம் சாட்சி சொன்னார். அந்த வழக்கு பின்னர் 'பிரவுன்' வழக்கோடு சேர்ந்தது. பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்டவிரோதம் என்று 1954இல் தீர்ப்பு வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

ஒரே மனிதர், ஒரே பத்தாண்டு, குழந்தைகள்மேல் ஒரே அக்கறை. ஒரு பக்கம் நீதி, இன்னொரு பக்கம் நெருப்பு. என்னை இந்தச் சேகரிப்பில் பிடித்து வைத்திருப்பது இந்த முடிச்சுதான்.

1954 ஏப்ரலிலும் ஜூனிலும் நியூயார்க்கில் செனட் துணைக்குழு விசாரணை நடத்தியது. ஈ.சி. காமிக்ஸ் உரிமையாளர் வில்லியம் கெய்ன்ஸிடம், வெட்டப்பட்ட பெண் தலை போட்ட ஒரு அட்டையைக் காட்டி, இது நல்ல ரசனையா என்று செனட்டர் கெஃபாவர் கேட்டார். திகில் காமிக்ஸின் அட்டைக்கு அது நல்ல ரசனைதான் என்ற ரீதியில் பதில் சொல்லி கெய்ன்ஸ் மாட்டிக்கொண்டார். சட்டம் வருமுன் வெளியீட்டாளர்களே முந்திக்கொண்டு அதே ஆண்டு அக்டோபரில் சுய தணிக்கை விதிகளை எழுதினார்கள். தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்கள் கூடாது. ரத்தக்காட்டேரி கூடாது. நடமாடும் பிணம் கூடாது. கெய்ன்ஸிடம் கடைசியில் மிஞ்சியது 'மேட்' மட்டும். பல ஓவியர்கள் வேலையிழந்தார்கள்.

வெர்தமின் சொந்தக் காகிதங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பூட்டிக் கிடந்தன. 2010இல் திறந்துவிட்டார்கள். கேரல் டில்லி என்ற நூலகவியல் பேராசிரியர் போய் உட்கார்ந்து, நோயாளிகள் பற்றிய மூலக் குறிப்புகளையும் அச்சான புத்தகத்தையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். 2012இல் வந்த அவர் கட்டுரையைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. குழந்தைகளின் பேச்சை வெர்தம் மாற்றியிருக்கிறார். இரண்டு பேர் சொன்னதை ஒருவர் வாயில் வைத்திருக்கிறார். வேறு மருத்துவர்களின் நோயாளிகளைத் தான் பார்த்தது போல எழுதியிருக்கிறார். பேட்மேனும் ராபினும் பற்றிய அவருடைய பிரபலமான வாதத்துக்கு ஆதாரமான இளைஞர்கள், டார்சானும் சப்மரைனரும்தான் தங்களுக்கு இன்னும் நெருக்கம் என்று சொன்னதை விட்டுவிட்டார்.

டோரதி என்று புத்தகத்தில் ஒரு பதிமூன்று வயதுப் பெண் வருகிறாள். பள்ளிக்கு மட்டம் போடுபவள். ஆண்களை அடித்து வீழ்த்தும் பெண்கள் வரும் காமிக்ஸ் அவளுக்குப் பிடிக்கும். வாசகன் முடிவுக்கு வர இது போதும். ஆனால் மூலக் குறிப்பில் அவள் வீட்டை விட்டு ஓடியவள், தெருக் கும்பல் ஒன்றில் இருந்தவள், எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்பட்டவள். இவ்வளவும் வெர்தமுக்குத் தெரியும். அச்சில் காமிக்ஸ் மட்டும் நின்றது.

இந்தக் குவியலில் ஒரு குழந்தை தன் சொந்தக் குரலில் பேசுவது எனக்குத் தெரிந்து அபூர்வம். 1948 ஜூலை 24 'சாட்டர்டே ரிவ்யூ' இதழில் அந்த அபூர்வம் இருக்கிறது. அந்த வருஷம் மே மாதம் அதே பத்திரிகையில் வெர்தம் எழுதிய கட்டுரைக்கு, வாஷிங்டனைச் சேர்ந்த பதினான்கு வயது டேவிட் விக்ரான்ஸ்கி நீண்ட மறுப்புக் கடிதம் போட்டான். குழந்தைகளின் வாசிப்பைத் தீர்மானிக்கும் பெரியவர்கள் குழந்தைகளை ஒரு வார்த்தை கேட்டதுண்டா என்பதுதான் அவன் சண்டையின் சாரம். பையன் எழுதியது போல இல்லையே என்று சந்தேகப்படும் அளவுக்குக் கூர்மையான கடிதம். அந்த இதழ் பெரிய விலை போகாது. நான் முதலில் காப்பாற்ற நினைப்பது அதைத்தான்.

விலை போவது வேறு. ஓவர்ஸ்ட்ரீட் என்ற விலைப்பட்டியல் நூலில், வெர்தம் திட்டிய இதழ்களுக்கு அவருடைய நூல் பெயரின் சுருக்கத்தைப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். அந்த முத்திரை விழுந்தால் விலை ஏறும். அவர் பெயர் சொல்லாமல் விட்ட படங்கள் எந்த இதழின் எந்தப் பக்கம் என்று ரசிகர்கள் வருஷக்கணக்கில் துப்பறிந்தார்கள். அவர் தராமல் விட்ட அடிக்குறிப்புகளை அவருடைய எதிரிகளே எழுதி முடித்தார்கள்.

இது தூரத்து அமெரிக்கக் கதை என்று விட்டுவிட முடியாது. பிரிட்டன் 1955இல் திகில் காமிக்ஸுக்கு எதிராகச் சட்டம் போட்டது. அடுத்த வருஷமே இந்திய நாடாளுமன்றமும் இளையோருக்குத் தீங்கான வெளியீடுகள் சட்டம், 1956 என்று ஒன்றை நிறைவேற்றியது. குற்றம், வன்முறை, கொடூரம், அருவருப்பு ஆகியவற்றைக் கதையாகச் சொல்லி, இருபது வயதுக்குட்பட்டவர்களைக் கெடுக்கக்கூடிய புத்தகங்கள் அதன் இலக்கு. அந்தப் பயம் கடல் தாண்ட இரண்டு வருஷம்தான் ஆகியிருக்கிறது.

இன்று அதே இடத்தில் செல்போன் விளையாட்டு இருக்கிறது, ரீல்ஸ் இருக்கிறது. அவை தீங்கற்றவை என்று நான் வாதாட வரவில்லை. அந்தக் காலத்துக் காமிக்ஸ் சிலவற்றைப் புரட்டினால் எனக்கே குமட்டும். தீங்கு உண்டு என்று சொல்கிறவர், எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று காட்ட வேண்டும். நல்லவர், படித்தவர், பிள்ளைகளுக்காக உழைத்தவர் என்பதெல்லாம் அந்தத் தாளுக்கு ஈடாகாது. டோரதி உயிரோடு இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பாள். தெருவில் அவளுக்கு என்ன நடந்தது என்ற கேள்விக்கு அந்த நானூறு பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. என்ன படித்தாள் என்பதற்கு மட்டும் கிடைத்தது.