ஓர் இரவுக்கான கற்சுவர்

ஸ்காட்லாந்தின் தென் எல்லையில் நிற்கும் பழைய கோபுர வீடுகளைச் சின்னக் கோட்டைகள் என்றே பலரும் நினைக்கிறார்கள். சுவரின் கனத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கட்டியவர்களைத் தூங்கவிடாமல் செய்தது படையெடுப்பைவிட மாட்டுத் திருட்டுதான் என்பது என் கணிப்பு. ஐந்தாம் ஜேம்ஸ் காலத்து நாடாளுமன்றம் 1535-ல் இயற்றிய சட்டம் இதற்கு முதல் சாட்சி. எல்லைச் சீமையில் 100 பவுண்டு மதிப்புள்ள நிலம் வைத்திருப்பவர் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு 60 அடிச் சதுரத்தில் மதில் எழுப்பியாக வேண்டும். கனம் சுமார் 3 அடி, உயரம் 18 அடிக்கு மேல். ஆபத்துக் காலத்தில் குடியானவர்களும் அவர்கள் உடைமைகளும் ஒதுங்குவதற்கு அது. உள்ளே கோபுரம் கட்டுவதோ அவரவர் விருப்பம். அரசு கட்டாயமாக்கியது மதில் சூழ்ந்த பட்டியைத்தான், பிரபுவின் வீட்டையல்ல.

பிரிங்கிள் குடும்பத்தார் 15-ஆம் நூற்றாண்டில் பாறைமேல் கட்டிய ஸ்மெயில்ஹோம் கோபுரமும் இதையே சொல்கிறது. கீழ்த்தளத்துக்குக் கல் வளைவுக் கூரை; அங்கே தீ வைத்தாலும் மேலே எளிதில் ஏறாது. அதற்கு மேல் கூடம், இன்னும் மேலே படுக்கையறைகள். உச்சியில் புகைபோக்கியை ஒட்டிக் காவலாளுக்கு ஒரு கல் இருக்கை, பக்கத்தில் விளக்கு வைக்க மாடக்குழி. குளிர் ராத்திரியில் முதுகுக்குச் சூடு வேண்டும் என்றுகூட யோசித்திருக்கிறார்கள்! பீரங்கியோடு ஊர்ந்து வரும் படைக்காக ராத்திரி முழுக்க ஒருவன் கண்விழிக்க வேண்டியதில்லை. அது வரும் சேதி முன்பே வந்துவிடும். படை நிஜமாகவே வந்தபோது இந்த வீடுகள் தாங்கவும் இல்லை. 1544-லும் 1545-லும் ஹெர்ட்ஃபோர்டு பிரபுவின் ஆங்கிலேயப் படை எல்லைக் கோபுரங்களைக் கொளுத்திக்கொண்டே போனது.

திரீவ் கோபுரம் 1455-ல் இரண்டாம் ஜேம்ஸின் முற்றுகையை இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கியதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் திரீவ் ஆற்றுத் தீவில் இருந்தது. சுற்றிலும் பீரங்கிக்கென்றே எழுப்பிய மதில் வேறு. டக்ளஸ் பிரபுக்களின் செல்வம் சாமானிய நிலக்கிழாருக்கு ஏது? அந்தத் திரீவும் கடைசியில் குண்டுக்கு மசிந்ததா, காவற்படைக்குப் போன பணத்துக்கு மசிந்ததா என்பது சந்தேகம். சுவர் கனத்துக்குப் பேர்போன போர்த்விக் கோபுரமோ, 1650-ல் கிராம்வெல்லின் பீரங்கி சில முறை முழங்கியதுமே பணிந்தது.

எல்லாம் அந்தஸ்துக்காகத்தான் என்பது இதைவிட வலுவான மறுப்பு. பால்டிக் வணிகத்தில் பணம் சேர்த்த வில்லியம் ஃபோர்ப்ஸ் 1626-ல் வடகிழக்கில் கிரெய்கீவர் கோபுர வீட்டைக் கட்டிமுடித்தார். அதன் உச்சிச் சிங்காரத்தில் பயத்தைவிடப் பெருமையே அதிகம். வடகிழக்குச் சீமைக்கு இந்த விளக்கம் பொருந்தும். எல்லைக்கு முழுசாகப் பொருந்தாது. 1603-ல் இரு நாட்டுக்கும் ஒரே மன்னர் வந்து கொள்ளையரை ஒடுக்கத் தொடங்கியதும், அரசின் கண் போனது இந்த வீடுகளின் இரும்புக் கம்பிக் கதவுகள்மேல்தான். எல்லைச் சீமையில் பாரன் தகுதிக்குக் கீழ்ப்பட்டவர்கள் அவற்றைக் கழற்றி, ஏர்க்கொழு முதலான வேலைகளுக்கு அடித்துக்கொள்ள வேண்டும் என்று 1606-ல் அரசவை ஆணையிட்டது. திருட்டுக்குப் பயந்து வைத்த கதவு, திருடனே உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டால் அவனுக்கும்தானே காவல்.