முதலில் ஓடுபவர்

கோல் அடிப்பது முன்கள வீரரின் வேலை, தடுப்பது பின்கள வீரரின் வேலை என்னும் பகுப்பு ஹாக்கியில் ஒருபோதும் முழுமையாக நிலைத்ததில்லை. 2004இல் அமிர்தசரஸில் இந்தியாவுக்கு எதிராக ஆடியபோது உலகின் மிகுதியான கோல்களுக்கு உரியவரான பாகிஸ்தானின் சோஹைல் அப்பாஸ் ஒரு பின்கள வீரர். அவர் கடந்த சாதனைக்கு உரிய நெதர்லாந்தின் லிட்யென்ஸும் பின்கள வீரரே. 348 கோல்களோடு அப்பாஸ் ஓய்வு பெற்றார். மைசூருக்கு மேற்கே, குடும்பப் பெயரே அணிப்பெயராக ஹாக்கித் திருவிழா நடத்தும் குடகிலிருந்து வந்த வி. ஆர். ரகுநாத்தும் இவ்வகையினரே: பின்களத்தில் நின்று தடுப்பவர், டிராக் ஃபிளிக்கால் கோல் அடிப்பவர். 2016இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது.

இத்தகையவரை எதிரணி எவ்வாறு கட்டுப்படுத்துவது? பனி ஹாக்கியில் சிறந்த பின்கள வீரருக்குப் பின்னே வட்டைத் தள்ளி, அவரைத் திரும்பி ஓடச் செய்து, உடல் மோதலால் களைப்படைய வைக்கலாம். புல்வெளி ஹாக்கியில் அவ்வகை மோதலுக்கு இடமில்லை. மேலும், இவருடைய அபாயம் ஆட்டத்தின் ஓட்டத்தில் இல்லை, பெனால்டி கார்னரில் இருக்கிறது.

அந்த அபாயத்தை உருவாக்கியது விதியின் ஒரு சொல் வேறுபாடு. பெனால்டி கார்னரின் முதல் முயற்சி ‘அடி’யாக இருந்தால் பந்து 460 மி.மீ. உயரத்துக்கு மேல் கோலைக் கடக்கக் கூடாது. ‘ஃபிளிக்’காக இருந்தால் அந்த வரம்பு இல்லை. மட்டையோடு பந்தை இழுத்துவந்து சுண்டும் டிராக் ஃபிளிக், இந்த இடைவெளிக்குள்தான் வளர்ந்தது.

ஆகவே முதல் உத்தி, கார்னரே கொடுக்காதிருப்பது. சொல்ல எளிது. வட்டத்துக்குள் தடுப்பவரின் காலில் பந்து பட்டாலே கார்னர் என்பதால், முன்கள வீரர்கள் கோலைவிடக் கால்களையே குறிவைப்பதும் உண்டு.

இரண்டாவது உத்தி, கார்னர் கிடைத்தபின் கோல் கோட்டிலிருந்து ஃபிளிக் செய்பவரை நோக்கிப் பாயும் முதல் ரஷர். பந்தைப் பறிப்பது அவருடைய முதன்மை நோக்கமன்று. ஒரு பக்கத்தை அவர் மூடினால், கோல் கீப்பர் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்வார். கோல் பாதியாகச் சுருங்குகிறது. அதற்கு விலை அவருடைய உடல். மட்டையால் ஆட முயலாமல் பந்தின் பாதையில் பாய்ந்தால் அது அபாய ஆட்டம், தண்டனை உண்டு. ஆனால் ஐந்து மீட்டருக்குள் வந்துவிட்டவரின் முழங்காலுக்குக் கீழே பந்து பட்டால் மறுபடியும் கார்னர். இயல்பான நிலையில் இருப்பவரின் முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் அவருடைய அணிக்கே ஃப்ரீ ஹிட். உடலைக் கேடயமாக்குவதை விலக்கும் விதியே, அடிபட்ட உடலுக்குப் பயனும் தருகிறது. முகமூடியும் முழங்கால் கவசமும் அணிந்து அவர் ஓடுவது இந்த முரணுக்குள்தான்.

இந்திய அணியில் அந்த இடம் ஒடிசாவின் அமித் ரோஹிதாஸுடையது. டோக்கியோ ஒலிம்பிக் வெண்கலப் போட்டியில் ஜெர்மனிக்குப் பத்துக்கும் மேற்பட்ட கார்னர்கள் கிடைத்தும் ஒன்றே கோலானது. இந்தியா 5-4 என வென்றது. கோல் கீப்பர் ஸ்ரீஜேஷின் பெயரை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். முன்னால் ஓடியவரின் பெயர் அத்தனை பேருக்குத் தெரியாது.

2024 பாரிஸில் பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. அதனால் ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் அவர் ஆட முடியவில்லை. ஜெர்மனியிடம் இருந்தவரோ கொன்சாலோ பேய்லாட்: அர்ஜென்டினாவுக்காக 2016 ஒலிம்பிக் தங்கம் வென்று, பின்னர் அணி மாறிய பின்கள வீரர், டிராக் ஃபிளிக்கின் முன்னணிக் கைகளுள் ஒருவர். பதினெட்டாம் நிமிடத்தில் பெனால்டி கார்னரில் அவர் கோல் அடித்தார். இந்தியா 2-3 எனத் தோற்றது. தோல்விக்கு அந்த ஒரு கோலே காரணம் என்பது மிகை. ஆயினும் இரு நாள்களுக்குப் பின் ரோஹிதாஸ் திரும்பி ஆடிய வெண்கலப் போட்டியில், ஸ்பெயினின் ஒரே கோல் பெனால்டி ஸ்ட்ரோக்கில் வந்தது. கார்னர்களில் ஒன்றுகூட இல்லை.