அரைப்படிக் கணக்கு

தை பிறந்தால் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குக் கீழத்தஞ்சையிலிருந்து நெல் மூட்டை வந்து இறங்கும். கூடமெல்லாம் புதுநெல் வாசம். அறுத்தவர் யார், என்ன கூலி என்ற பேச்சே எழுந்ததில்லை. 1968 டிசம்பர் கடைசியில்தான் எழுந்தது. “அரைப்படி நெல்லுக்காகவா இந்த ரகளை?” என்றார் பெரியப்பா. எட்டாம் வகுப்பில் இருந்த எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சைக் கீழவெண்மணியில் மிராசுதாரர் கூட்டத்தின் அடிக்குப் பயந்து ராமையாவின் குடிசைக்குள் புகுந்தவர்களை உள்ளே வைத்துக் கொளுத்தியிருந்தார்கள். எல்லாம் தலித் கூலிக் குடும்பங்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். பத்திரிகையில் 42 பேர் என்று வந்தது. ஊர்க்கணக்கில் 44.

பெரியப்பாவின் அரைப்படியை எனக்கு உடைத்துக் காட்டியவர் மைதிலி சிவராமன். நியூயார்க்கில் ஐ.நா. வேலையை விட்டு அந்த வருஷம்தான் சென்னை திரும்பியிருந்தார். வெண்மணிக்கே போய்ப் பார்த்து எழுதினார். நான் அதைப் படித்தது தலை நரைத்த பிறகு, அடையாறு காந்தி நகரில், மால்கம் ஆதிசேஷையா 1971இல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனத்து நூலகத்தில்.

அரைப்படி கூடுதல் கூலி கேட்டது உண்மைதான். ஆனால் மிராசுதாரர்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்குக் கண்ணை உறுத்தியது சேரியில் பறந்த செங்கொடி. அதை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர் என்று நெருக்கினார்கள். கூலிக்காரர்கள் இறக்கவில்லை. அரைப்படியை அளந்து போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் என்று நம்பியது எங்கள் கூடம் மட்டும்தான்.

1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் அந்த மிராசுதாரர் சங்கத்தின் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்குப் பத்தாண்டு சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. வெண்மணி எரிந்த அன்று மிராசுதாரர் தரப்பில் ஒருவர் கொலையுண்ட வழக்கிலோ கூலிக்காரர்கள் சிறை போனார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கூண்டேறிச் சொன்னது எடுபடாமல் ஊர் திரும்பி, அதே வயல்களில் இறங்கி நட்டார்கள். எத்தனை பேர் என்று எண்ணுகிற ஆராய்ச்சிக்கு அவர்கள் திரும்பி நடந்த இந்த வழி தெரிவதில்லை.

விடுதலைத் தீர்ப்பு வந்த வருஷமே மைதிலி ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் எழுதினார். தலைப்பிலேயே ‘கனவான் கொலைகாரர்கள்’ என்ற குத்தல். தீர்ப்பின் ஒரு வாதத்துக்குத்தான் அந்தக் குத்தல்: இவர்கள் நிலபுலம் உள்ள பணக்காரர்கள், ஒருவர் கார்கூட வைத்திருக்கிறார், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்களா?

அதற்குமேல் பக்கம் புரட்டவில்லை. பெரியப்பாவிடம் ஒரு மாரிஸ் மைனர் இருந்தது. 1969 தையிலும் நெல் வந்தது. அம்மா படியால் அளந்து பத்தாயத்தில் கொட்டினாள்.