சுசீலா ராமன்

சுசீலா ராமன் (பிறப்பு: 1973, லண்டன்) பாடகர், பாடலாசிரியர். தஞ்சாவூர்ப் பூர்வீகம் கொண்ட தமிழ்ப் பெற்றோரின் மகள். கர்நாடகக் கீர்த்தனைகளையும் தமிழ்நாட்டு முருக பக்திப் பாடல்களையும் சோல், ப்ளூஸ், ராக் ஆகிய மேற்கத்திய இசை வகைகளோடு கலந்து பாடித் தனக்கென ஒரு பாணியை வகுத்துக்கொண்டவர். 2001இல் வெளிவந்த இவரது முதல் இசைத்தொகுப்பே பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. ஐரோப்பிய மேடைகளில், குறிப்பாகப் பிரான்சில், நல்ல வரவேற்பு பெற்ற இவரைத் தமிழ்நாட்டில் அறிந்தவர்கள் குறைவு. தமிழ்ப் பக்திப் பாடல் கடல் கடந்து என்னவெல்லாம் ஆகியிருக்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள் இவரைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது.

சுசீலாவுக்கு நான்கு வயதாகும்போது குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தது. வீட்டில் கர்நாடக சங்கீதப் பயிற்சி கண்டிப்பாக இருந்தது. சிறுமியாகவே மேடையேறிப் பாடினார். பதின்பருவத்தில் சிட்னியில் ராக், ஃபங்க் பக்கம் மனம் திரும்பி, சொந்தக் குழு அமைத்தார். பிறகு ப்ளூஸ், சோல்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் ப்ளூஸும் 1950களில் ஒன்றுகலந்து பிறந்தது சோல். ரே சார்ல்ஸும் அரீதா ஃபிராங்க்ளினும் தேவாலயத்தில் கர்த்தரை நோக்கி உருகிய அதே குரலைக் காதலை நோக்கித் திருப்பினார்கள். நம் பக்தி மரபில் இது நேர்மாறாக நடந்தது. அகத்துறைக் காதலை ஆழ்வார்களும் நாயன்மார்களும் இறைவன் பக்கம் திருப்பினார்கள். இரண்டிலும் பாடுகிறவர் தன்னை மறக்கும் இடம் ஒன்றுதான். சுசீலாவின் கலப்பிசை ஒட்டுப்போட்ட வேலையாகத் தெரியாததற்குக் காரணம், அவர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு பாடியதுதான்.

1995இல் இந்தியாவுக்கு வந்து, ஜெய்ப்பூர் அத்ரௌலி கரானா என்னும் இசைப் பரம்பரையைச் சேர்ந்த ஸ்ருதி சடோலிகரிடம் இந்துஸ்தானி இசை பயின்றார். 1997இல் லண்டன் திரும்பினார். அங்கே கிதார் கலைஞர் சாம் மில்ஸைச் சந்தித்தார். வங்காள பாவுல் பாடகர் பபன் தாஸுடன் சேர்ந்து ஒரு தொகுப்பை முடித்திருந்த மில்ஸ், இந்தியக் குரலுக்கு எங்கே விலகி நிற்க வேண்டும், எங்கே கூட வர வேண்டும் என்று தெரிந்தவர். இருவரும் வாழ்க்கையிலும் இசையிலும் துணையானார்கள்.

இந்தக் கூட்டில் பிறந்ததுதான் ‘சால்ட் ரெயின்’ (2001). தியாகராஜரின் ‘நகுமோமு’ இதில் உண்டு. டிம் பக்லியின் ‘சாங் டு தி சைரன்’ உண்டு. டிஸ்னியின் ‘ஜங்கிள் புக்’ படத்தில் மலைப்பாம்பு பாடும் பாட்டும் உண்டு. அவற்றுக்கு நடுவே ‘காமாட்சி’ என்று ஒரு பாடல். அந்த ஆண்டு மெர்க்குரி பரிசு பி.ஜே. ஹார்விக்குப் போனது. அறிவிப்பு வந்த நாள் 2001 செப்டம்பர் 11 என்பதால் உலகமே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பிபிசி ரேடியோ 3 வழங்கிய உலக இசை விருதுகளில் சிறந்த புதுமுகமாக இவர் தேர்வானார்.

காமாட்சி காஞ்சிபுரத்து அம்மன். ஆனால் தஞ்சாவூர்க்காரர்களுக்கும் அவள் சொந்தம். படையெடுப்புக்கு அஞ்சிக் காஞ்சியிலிருந்து வெளியேற்றப்பட்ட பங்காரு காமாட்சி என்னும் தங்கத் திருமேனி பல ஊர் சுற்றித் தஞ்சாவூரில் குடிகொண்டதாக வரலாறு சொல்கிறது. அந்த அம்மனைப் பூசித்த குடும்பத்தில் 1762இல் பிறந்தவரே கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரிகள். மும்மூர்த்திகளில் இன்னொருவரான முத்துசுவாமி தீட்சிதரும் காஞ்சியில் சில ஆண்டுகள் தங்கியிருந்தார்.

கீர்த்தனையோடு கிதாரைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு அந்தத் தீட்சிதரே பதில் வைத்திருக்கிறார். சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதியவர் அவர். அவையே நோட்டுஸ்வர சாகித்தியங்கள். ஐரோப்பியர் கையிலிருந்த பிடிலைக் கற்றுக் கர்நாடகக் கச்சேரிக்குள் கொண்டுவந்தவர் அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர். இன்று பிடில் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா? காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889–1934) மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று தாளக்காரர்களை வரிசையாக உட்காரவைத்து ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி செய்தார். திருப்புகழின் சிக்கலான சந்தங்களை மேடையில் அவர் பாடிய விதம் அன்றைக்குப் புதுமை. மரபு என்று நாம் காப்பாற்ற நினைப்பதில் பாதி, ஒரு காலத்தில் யாரோ துணிந்து செய்த கலப்புதான்.

‘லவ் ட்ராப்’ (2003) தொகுப்பின் தலைப்புப் பாடல் எத்தியோப்பியப் பாடகர் மஹ்மூத் அகமதுவின் மெட்டை எடுத்தாள்கிறது. ‘மியூசிக் ஃபார் க்ராக்கடைல்ஸ்’ (2005) தொகுப்பின் ஒரு பகுதி சென்னையில் பதிவானது. அந்தக் காலத்து இந்தியப் பயணத்தை மார்க் கிடெல் ஆவணப்படமாக எடுத்தார். மீரா நாயரின் ‘தி நேம்சேக்’ படத்திலும் சுசீலாவின் குரல் ஒலிக்கிறது. ‘33 1/3’ (2007) என்ற தொகுப்பில் பாப் டிலன், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் போன்றோரின் பாடல்களைத் தன் போக்கில் பாடினார். திறமை இருக்கிறது, ஆனால் மற்றத் தொகுப்புகளின் ஆழம் இதில் இல்லை என்பதே என் எண்ணம்.

ஆழம் ‘வேல்’ (2011) தொகுப்பில் இருக்கிறது. சபா மேடையை விட்டு விலகி, தமிழ்நாட்டுக் கோயில் திருவிழாக்களிலும் பாதயாத்திரைகளிலும் ஒலிக்கும் பாட்டைத் தேடிப் போனதன் பலன் இது. கோவை கமலா போன்றோர் பாடிய முருகன் பாடல்கள் சுசீலாவை உலுக்கின. அந்தப் பாட்டில் ராகத்தின் நுணுக்கத்தைக் காட்டிலும் ஆவேசம் முக்கியம்; கேட்கிற கூட்டத்தில் நான்கு பேருக்கு அருள் வர வேண்டும். ‘என்னப்பனே’, ‘முத்துக்குமார்’, ‘பால்’ ஆகியவை அந்த வழியில் வந்தவை.

‘பால்’ பாடலைக் கவனித்துக் கேட்க வேண்டும். தொடக்கத்தில் கிதார் ஒரே இடத்தில் நின்று ரீங்கரிக்கிறது. சுசீலாவின் கனத்த கீழ்ஸ்தாயிக் குரல் அவசரமில்லாமல் சொற்களை ஒவ்வொன்றாக இறக்கிவைக்கிறது. தாளம் கொஞ்சங்கொஞ்சமாக ஏறுகிறது. பால்குடம் எடுத்து வருகிறவர்களின் நடை கோயில் நெருங்க நெருங்க ஆட்டமாக மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாடலின் கட்டமைப்பு உடனே பிடிபடும். முடிவில் கிதாரும் பறைபோல அதிர, மேடையில் பாடகர் தலைமுடியை விரித்து ஆடிப் பாடுகிறார். ராக் கச்சேரிக்கு வந்த ஐரோப்பியருக்கு அது உச்சகட்டம். நமக்கு அது காவடி. காஞ்சிபுரத்துக் குமரகோட்டம் முருகன் கோயிலில் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் இயற்றிய மண்ணில் இந்தப் பாடலுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

பிறகும் அவர் ஓரிடத்தில் நிற்கவில்லை. ‘குவீன் பிட்வீன்’ (2014) தொகுப்பில் ராஜஸ்தான் நாட்டுப்புறக் கலைஞர்களும் பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர்களான ரிஸ்வான், முஅஸ்ஸம் சகோதரர்களும் சேர்ந்து பாடினார்கள். ‘கோஸ்ட் கேம்லான்’ (2018) தொகுப்பு ஜாவாவின் சோலோ நகரத்தின், கேம்லான் என்னும் வெண்கல வாத்தியக் குழுக் கலைஞர்களோடு சேர்ந்து உருவானது.

தமிழ்நாட்டு இசை விமர்சகர்கள் இவரை இன்னும் ‘ஃப்யூஷன்’ என்ற பெட்டியில் போட்டு மூடிவிடுகிறார்கள். சபா உறுப்பினர்களுக்கும் கோயில் விழாக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள்: இவரை அழைத்துப் பாடவையுங்கள். கேட்கத் தொடங்குகிறவர்கள் ‘சால்ட் ரெயின்’ தொகுப்பின் ‘காமாட்சி’யில் ஆரம்பித்து, ‘வேல்’ முழுவதையும் ஒரே மூச்சில் கேட்கலாம்.