பூசுவதா, சுற்றுவதா?

டர்போ பொருத்திய பெட்ரோல் காரை முழு வேகத்தில் விரட்டும்போது டர்பைன் கூட்டுக்குள் நுழையும் புகையின் வெப்பம் 950 டிகிரி செல்சியஸை எட்டும். சில எஞ்சின்களில் 1,050 வரைகூடப் போகும். டீசலில் பெரும்பாலும் 850-க்குள் அடங்கிவிடும். இந்தச் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைத்தால் இரண்டு லாபம். டர்பைனைச் சுழற்ற வேண்டிய ஆற்றல் வழியில் வீணாகாது. பானெட்டுக்குள் இருக்கும் வயரும் ரப்பர் ஹோஸும் வெந்து போகாது.

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் தயாராகும் சின்ன டர்போ கார்கள் இதற்கெனத் தகட்டுக் கவசத்தோடுதான் வெளிவருகின்றன. அதற்கு மேலும் பாதுகாப்புத் தேடுகிறவர்கள், பழைய டவுன்பைப்பைக் கழற்றிப் புதிது போடுகிறவர்கள், எஞ்சினின் திறனைக் கூட்டுகிறவர்கள் ஆகியோர் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று செராமிக் பூச்சு. மற்றது ஹீட் ராப் என்னும் இழைநாடா. வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்கு வரும் புல்லட்டுகளின் பெண்ட் பைப்பில் சுற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எது மேல் என்று கோயம்புத்தூரில் கேட்டால் கிடைக்கும் பதில் புதுச்சேரிக்குப் பொருந்தாது. இந்த ஊரில் இரண்டின் தகுதியையும் தீர்மானிப்பது கார் ஓடும் நேரத்தைவிட, அது குளிர்ந்து நிற்கும் நேரம்தான்.

சூட்டைத் தடுப்பதில்

முதல் சுற்றில் நாடாதான் ஜெயிக்கிறது. பிரஷ்ஷாலோ ஸ்ப்ரே கன்னாலோ அடிக்கும் செராமிக் பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு. அவ்வளவு மெல்லிய படலம் சூடு கடத்துவதைப் பெரிதாகத் தடுக்காது. நாடா ஒன்றரை மில்லிமீட்டர் கனம். அதன் இழைகளுக்கிடையே காற்று அடைபட்டிருக்கிறது. சூடு கடப்பதைத் தடுக்கும் திறனில் இரண்டுக்கும் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

பூச்சிலேயே மேல்தரம் ஒன்று உண்டு. இட்ரியா கலந்த ஜிர்கோனியாத் தூளைப் பிளாஸ்மாச் சுடரில் உருக்கி, நிக்கல்-குரோமியம் அடித்தளத்தின் மேல் 0.3 மில்லிமீட்டர் அளவுக்குத் தெளிப்பார்கள். விமான எஞ்சின்களின் டர்பைன் பாகங்களைக் காப்பதும் இந்த இனப் பூச்சுதான். ஆனாலும் வெறும் தடுப்புத் திறனில் நாடாவை இது எட்டாது.

பூச்சின் கணக்கு வேறிடத்தில் இருக்கிறது. பழுக்கச் சூடான உலோகம் பெருமளவு வெப்பத்தைக் கதிர்வீச்சாகத்தான் வெளியே தள்ளும். 450 டிகிரியில் வீசுவதைவிட 900 டிகிரியில் ஏறத்தாழ 7 மடங்கு வீசும். துருப்பிடித்துக் கறுத்த இரும்பு இதில் தாராளமானது. அலுமினியத் துகள் கலந்த வெள்ளி நிறப் பூச்சு அந்த வீச்சைக் குறைக்கும். அழகுக்காகக் கறுப்பு நிறம் கேட்டு வாங்கினால் இந்தப் பயனில் பெரும்பகுதி போய்விடும்.

உப்புக் காற்றில்

கறியுப்பு சுமார் 75 சதவீத ஈரப்பதத்தில்தான் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். புதுச்சேரியில் காற்றின் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே குருசுக்குப்பத்திலோ கடற்கரைச் சாலையிலோ இரவில் நிற்கும் காரின் அடியில் படிந்த உப்பு, மழை பெய்யாத நாளிலும் ஈரமாகவே இருக்கிறது.

நாடாவின் பலமே இங்கே பலவீனமாகிறது. காற்றைப் பிடித்துவைக்கும் அதே இழைகள் உப்புநீரையும் உறிஞ்சிக்கொள்கின்றன. எஞ்சின் சூடானதும் நீர் ஆவியாகிவிடும். உப்பு அங்கேயே தங்கிவிடும். ஒவ்வொரு முறை நனைந்து காயும்போதும் உப்பின் அளவு ஏறுகிறது. மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் ஒரு மைல்டு ஸ்டீல் பைப்பின் சுற்றைப் பிரித்துப் பாருங்கள். வெளியே நாடா ஒழுங்காக இருக்கும். உள்ளே துரு அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து, நாடாவோடு ஒட்டிக்கொண்டு வரும். வெல்டிங் ஓரத்தில் திருப்புளியால் தட்டினால் சத்தமே மொத்தையாகக் கேட்கும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. தெருக்களில் வண்டிகள் மூழ்கி நின்றன. அப்படி நனைந்த நாடாவைக் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். சேறும் உப்பும் இழைக்குள் போனபின் அதைக் கழற்றி எறிவதே நல்லது. பூச்சு அடித்த பைப்பை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டால் வேலை முடிந்தது.

உள்பக்கத் துரு தனிக் கதை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் புகையோடு போகிறது. லாஸ்பேட்டையிலிருந்து கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும் சின்ன ஓட்டத்தில் சைலன்சர் முழுதாகச் சூடேறாமல் அந்த நீர் உள்ளேயே தேங்கும். வெளியே சுற்றும் நாடா இதற்கு மருந்தாகாது. உள்ளும் புறமும் அடித்த பூச்சு ஓரளவு காக்கும்.

உலோகத்தோடு ஒத்துப்போவதில்

நாடா சுற்றினால் பைப்பின் சுவரே முன்பைவிடச் சூடாகும். சாதாரண எஃகு 570 டிகிரியைத் தாண்டினால் மேற்பரப்பில் வேறு வகை ஆக்சைடு உருவாகிச் செதில் வேகமாகக் கட்டும். மைல்டு ஸ்டீல் பைப்பை எஞ்சினுக்கு அருகே சுற்றுவது அதன் ஆயுளைக் குறைப்பதுதான். 304 ஸ்டெயின்லெஸ் இதைத் தாங்கும். ஆனால் 450-க்கும் 850-க்கும் இடையே நெடுநேரம் கிடந்தால் அதன் மணியெல்லைகளில் குரோமியம் கார்பைடாகப் பிரிந்துவிடும். அதன்பின் உப்புக்கு அதுவும் இளக்காரம்தான்.

பூச்சின் சிக்கல் விரிவடைவதில் இருக்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள 304 பைப் 800 டிகிரி சூடேறினால் 14 மில்லிமீட்டர் நீளும். ஜிர்கோனியா சுமார் 8 மில்லிமீட்டர்தான் நீளும். கனமாகப் பூசினால் வெடித்து உதிரும். வார்ப்பிரும்பு நீளும் அளவு ஜிர்கோனியாவுக்கு நெருக்கமானது. அதனால்தான் வார்ப்பிரும்பு டர்பைன் கூட்டில் கனத்த பூச்சு நின்றுபிடிக்கிறது, மெல்லிய ஸ்டெயின்லெஸ் பைப்பில் திணறுகிறது.

கைவேலையில்

நாடாவை வீட்டு வாசலிலேயே சுற்றலாம். கால்பங்கு மேலேறும்படி இழுத்துச் சுற்றி, ஸ்டீல் டை போட்டு இறுக்கினால் போதும். கையுறையும் முகமூடியும் கட்டாயம். பூச்சுக்குப் பாகத்தைக் கழற்ற வேண்டும், எண்ணெய்ப் பசை போகக் கழுவ வேண்டும், சாண்ட் பிளாஸ்டிங் செய்ய வேண்டும், பூசியபின் அடுப்பில் பதப்படுத்த வேண்டும். பிளாஸ்டிங் சரியில்லாத பூச்சு முதல் மழைக்காலத்திலேயே பாளம் பாளமாக எழும்பும். 200 டிகிரி அளவே தாங்கும் பவுடர் கோட்டிங்கும், பாடியின் பளபளப்புக்காக அடிக்கும் செராமிக் கோட்டிங்கும் இந்த வேலைக்கு ஆகாது.

பழுது தெரிவதிலும் பூச்சுக்கே மதிப்பெண். விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியும். நாடாவுக்குள் நடப்பது கடைசிவரை தெரியாது. டர்போவின் ஆயில் லைன் கசிந்து நாடா எண்ணெயில் ஊறினால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

எந்தப் பாகத்துக்கு எது

வார்ப்பிரும்பு டர்பைன் கூட்டுக்குப் பூச்சு. அதற்கு மேலும் தடுப்பு வேண்டுமென்றால் கழற்றி மாட்டக்கூடிய டர்போ பிளாங்கெட். டவுன்பைப் ஸ்டெயின்லெஸ்ஸாக இருந்தால், பானெட்டுக்குள் மழை படாத மேல்பகுதிக்கு மட்டும் நாடா. சக்கரத்தின் தண்ணீர் தெறிக்கும் கீழ்ப்பகுதிக்கும் சைலன்சருக்கும் பூச்சுதான். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுற்றவே கூடாது. உள்சூடு ஏறி அதன் தேன்கூட்டு அமைப்பு பழுதாகலாம்.

தினமும் சென்னைக்கு 150 கிலோமீட்டர் ஓடித் திரும்பும் காருக்கு இந்தத் தீர்ப்பு கொஞ்சம் தளரும். அதன் நாடா அன்றாடம் நன்றாகக் காய்ந்துவிடும். ஆனால் புதுச்சேரிக் கார்களில் பல நகரத்துக்குள்ளேயே சுற்றி, உப்புக் காற்றில் இரவைக் கழிப்பவை. அவற்றுக்குச் சூட்டைக் கூடுதலாகத் தடுக்கும் நாடாவைவிட, குறைவாகத் தடுத்தாலும் ஈரத்தைத் தங்கவிடாத பூச்சே கட்டுப்படியாகும்.