மரமும் கிணறும்: பாராமகால் நிலவுரிமையும் எரிவாயுக் குழாய் வழக்கும்

இக்கட்டுரை ஆராயப் புகும் பொருள், ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதி உழவரையும் உள்ளடக்கி எழுந்த ஒரு வழக்கும் அதன் வரலாற்றுப் பின்னணியும் ஆகும். கொச்சியிலிருந்து கூற்றநாடு வழியாகப் பெங்களூருக்கும் மங்களூருக்கும் எரிவாயு கொண்டுசெல்லும் குழாய்த்திட்டம் ஒன்றினை நடுவணரசின் கெயில் நிறுவனம் வகுத்தது. தமிழ்நாட்டில் அக்குழாய் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களில் ஏறத்தாழ 310 கி.மீ. தொலைவு செல்லுமாறு வழி குறிக்கப்பட்டது. இவற்றுள் இறுதியாக நின்று கர்நாடக எல்லையைத் தொடுவது கிருஷ்ணகிரி மாவட்டம். விளைநிலங்களின் ஊடே செல்லும் அவ்வழியை எதிர்த்து உழவர் எழுப்பிய குரல், 2013-ஆம் ஆண்டில் சட்டமன்றத்தையும் உயர்நீதிமன்றத்தையும், பின்னர் உச்சநீதிமன்றத்தையும் அடைந்தது. அதனைத் தொழில் வளர்ச்சிக்கு எதிரான குரல் என்று கொள்வாரும் உளர். யாம் அங்ஙனம் கருதவில்லை. நிலம் என்பது யாது என்னும் பழைய வினாவே அவ்வழக்கில் புதுவடிவில் எழுந்தது என்பதை ஈண்டு நிறுவ முயல்வோம்.

பழைய ஆவணங்கள் கூறும் நிலவுரிமை

சோழர் காலத்துச் செப்பேடுகளும் கல்வெட்டுகளும், நிலம் கொடையாக வழங்கப்படுமிடத்து அந்நிலத்தோடு செல்லும் உரிமைகளை வரிசைப்படுத்திக் கூறும் மரபுடையன. நன்செய், புன்செய், ஊரிருக்கை, மன்று, கன்றுமேய்பாழ், குளம் என நீளும் அவ்வரிசையில் மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் பலவிடத்தும் இடம்பெறுகின்றன. இவ்விரண்டினையும் ஆவணம் எழுதினோர் வெறும் அணிநயம் கருதி இணைத்தார் என்பது பொருந்தாது. நான்கெல்லை கூறிய பின்னரும் மேல், கீழ் என்னும் இருதிசைகளையும் அவர்கள் சுட்டியது, நிலம் நீள அகலம் மட்டும் உடையதன்று, உயரமும் ஆழமும் உடையது என்னும் தெளிவினாலேயாம்.

விசயநகர வேந்தர் காலத்துக் கொடையாவணங்களில் இக்கருத்து எண்வகைப் போகம் என்னும் வாய்பாடாக வருகின்றது. நிதி, நிட்சேபம், சலம், பாசாணம் என்பன அவ்வெட்டனுள் நான்கு. புதையலும் வைப்பும் நீரும் கல்லும் நிலத்தோடு சேர்த்து எண்ணப்பட்டமையை இதனால் அறிகின்றோம்.

இவ்வுரிமைகள் கோயிலுக்கும் அந்தணர்க்கும் பிற கொடை பெற்றோர்க்கும் வழங்கப்பட்டனவேயன்றி, ஏர் பிடித்த ஒவ்வொருவர்க்கும் உரியவையாக இருந்தன என்று கொள்ளுதல் பிழையாம். யாம் இவற்றிலிருந்து கொள்வது, நிலம் பற்றிய கருத்து எத்தகையது என்பதனை மட்டுமே. அது யார் கையில் இருந்தது என்பதனையன்று.

பாராமகாலும் இரயத்துவாரி முறையும்

உழுவோன் பெயரிலேயே நிலத்தைப் பதிந்து, அவனிடமிருந்து நேராக வரி பெறும் இரயத்துவாரி முறை உருப்பெற்ற களம் இப்பகுதியே என்பது ஆய்வாளர் நன்கறிந்தது. 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தான் பாராமகாலைக் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அதனை ஆள அலெக்சாண்டர் ரீடு அனுப்பப்பட்டார். அவருக்குத் துணையாக 1792 முதல் 1799 வரை பணியாற்றிய தாமசு மன்றோ, 1820-இல் சென்னை ஆளுநரான பின்னர் இம்முறையை மாகாணத்தில் நிலைநாட்டினார். ஓசூர்ப் பகுதி 1799-இல் திப்பு வீழ்ந்த பின்னரே கும்பெனியார் வசமாயிற்று.

இம்முறையின் நோக்கம் வரி தண்டுதலே என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் விளைவு பெரிது. கொடை பெற்றோர்க்கே ஆவணம் இருந்த நிலை மாறி, சிறுநிலம் உடையார்க்கும் பட்டா என்னும் சான்று கிடைத்தது. ஆற்றுப்பாய்ச்சல் குறைந்த இம்மேட்டுநிலத்தில் அவர்கள் கிணறு வெட்டினர். மா, தென்னை வைத்தனர். பழைய ஆவணம் கூறிய மரமும் கிணறும் இங்ஙனம் சிறு உழவர்தம் உழைப்பாகவும் சேமிப்பாகவும் ஆயின. இன்று கிருஷ்ணகிரி மாங்கனிக்குப் பெயர்பெற்ற மாவட்டமாக விளங்குவது இதன் பயனாம்.

உடைமை வேறு, பயன்படுத்தும் உரிமை வேறு

உடைமையை உழவனிடம் விட்டு, பயன்படுத்தும் உரிமையை மட்டும் பிரித்தெடுக்கும் சட்டமுறைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1885-ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, கம்பிகள் செல்லும் நிலத்தில் அரசுக்குப் பயன்படுத்தும் உரிமையன்றி வேறுரிமை இல்லை என்று வரையறுத்தது. அத்தந்தி அதிகாரத்தை மின்கம்பிகட்கும் வழங்க 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் வழிசெய்தது. குழாய்களுக்கென 1962-இல் ஒரு தனிச்சட்டம் பிறந்தது. பெட்ரோலியம், கனிமப் பொருள் குழாய்வழிகள் சட்டம் என்று இன்று வழங்குவது அதுவே.

அச்சட்டத்தின்படி அறிவிக்கை வெளிவந்த 21 நாள்களுக்குள் மறுப்புரைக்கலாம். உரிமை அரசிடம் சேர்ந்தபின் நிலம் உழவனுடையதே, உழலாம், விதைக்கலாம். ஆனால் 9-ஆம் பிரிவு சில செயல்களை விலக்குகின்றது. கட்டடம் எழுப்பலாகாது, குளமோ கிணறோ நீர்த்தேக்கமோ அணையோ அமைக்கலாகாது, மரம் நடலாகாது. 10-ஆம் பிரிவின்படி, பயிர், மரம் முதலியவற்றுக்கு நேரும் சேதத்திற்கு ஈடு தருவதோடு, உரிமைக்கென நிலத்தின் சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பத்து விழுக்காடு வழங்கப்படும்.

ஈண்டு ஆய்வாளர் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பழைய ஆவணங்கள் நிலவுரிமையின் அடையாளமாக எடுத்தோதிய மரமும் கிணறுமே இச்சட்டம் விலக்குவனவற்றுள் அடங்குகின்றன. சட்டம் பரப்பினை உழவனுக்கு விட்டு, உயரத்தையும் ஆழத்தையும் எடுத்துக்கொள்கின்றது. குழாய்க்கென 20 மீட்டர் அகலம் குறிக்கப்பட்ட இத்திட்டத்தில், ஓரிரண்டு ஏக்கர் மட்டும் உடையாரின் தோட்டம் இரண்டாகப் பிளவுபடும். மாமரமும் கிணறுமே வாழ்வாகக் கொண்டார்க்கு அவ்விடத்தில் எஞ்சுவது நிலத்தின் தோல் மட்டுமே. அதனைப் பத்து விழுக்காட்டு இழப்பு என்று கணித்தல் சட்டத்தின் அளவையாகலாம். மேட்டுநில உழவின் அளவை ஆகாது.

வழக்கின் போக்கு

2013-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உழவர் எதிர்ப்பு வலுத்தது. தமிழக அரசு உழவரின் கருத்தைக் கேட்டறிந்து, அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் விளைநிலங்களைத் தவிர்த்து நெடுஞ்சாலை ஓரமாகக் குழாய் பதிக்க வேண்டும் என்று அறிவித்தது. கெயில் நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. நவம்பரில் மாநில அரசின் ஆணை நீக்கப்பட்டது. மாநில அரசின் மேல்முறையீட்டை 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. நடுவணரசின் சட்டப்படி வகுக்கப்பட்ட வழியை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்பதே அங்கு ஆராயப்பட்ட வினா. மரத்தையும் கிணற்றையும் எவ்வாறு மதிப்பது என்னும் வினாவுக்கு அவ்வழக்கில் விடை பிறக்கவில்லை.

உழவர் எரிவாயுவே வேண்டா என்று கூறவில்லை. வழியை மாற்றுமாறே வேண்டினர். 2014 சூன் 27 அன்று ஆந்திரத்தின் கோதாவரிப் பகுதியில் நகரம் என்னும் சிற்றூரில் எரிவாயுக் குழாய் வெடித்து இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்தம் அச்சம் வெறுங்கற்பனையன்று என்பதற்கு அது சான்றாயிற்று.

காவிரிப் படுகையோடு ஒப்புநோக்கு

இதே காலத்தில் காவிரிப் படுகையில் எழுந்த போராட்டம் வேறுவகையது. அங்குக் குழாய் கடந்துசெல்வது மட்டும் வழக்கன்று. நிலத்தின் அடியிலிருந்தே வாயு எடுத்தல் வழக்காயிற்று. மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010-இல் உரிமம் அளிக்கப்பட்டது. நிலக்கரியடுக்கில் உள்ள நீரை இறைத்து வெளியேற்றினாலன்றி அவ்வாயு வாராது. பாறையை நீரழுத்தத்தால் பிளக்கும் முறையும் கையாளப்படுமோ என்ற அச்சம் அதனோடு சேர்ந்தது. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் இத்திட்டத்தை எதிர்த்து ஊர்தோறும் சென்று, 2013 திசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் மறைந்தார். 2015-இல் மாநில அரசு அத்திட்டத்தைத் தடைசெய்தது. 2017-இல் நெடுவாசல் போராட்டம் நிகழ்ந்தது. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இயற்றப்பட்டது.

அச்சட்டத்தின் எல்லைக்குள் கிருஷ்ணகிரி இல்லை. நெற்களஞ்சியம் என்னும் பெருமையும் காவிரி என்னும் பெயரும் படுகைக்குக் காவலாயின. கிணற்றை நம்பிய மேட்டுநிலத்திற்கு அத்தகைய காவல் வாய்க்கவில்லை. ஆயினும் இரு போராட்டங்களும் காக்க முயன்றது ஒன்றே. அது நிலத்தின் ஆழம்.

மறுதரப்பும் முடிவும்

மறுதரப்பின் கூற்றும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 1970-களில் சிப்காட்டு வளாகம் அமைந்தது முதல் ஓசூர் பெருந்தொழில் நகராக வளர்ந்தது. அங்குள்ள உலைகட்கும் கொதிகலன்கட்கும் எரிபொருள் வேண்டும். எரியும்போது நிலக்கரி வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழப் பாதியையே இயற்கை எரிவாயு வெளியிடும். உழவர் மக்கள் பலர் அத்தொழிற்சாலைகளிலேயே பணிபுரிகின்றனர். ஆதலின் ஊருக்கும் ஆலைக்கும் இடையிலான பகையாக இதனைக் காட்டுதல் உண்மைக்கு மாறாகும்.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது இது: எரிபொருளைத் தேர்வது நாட்டின் உரிமை எனினும், அத்தேர்வின் விலையை அளக்கும் கோல் நிலத்தின் இயல்புக்கு ஒத்திருத்தல் வேண்டும். நிலத்தைப் பரப்பாக மட்டும் அளப்பின் உழவன் இழப்பது சிறிதாகத் தோன்றும். உயரமும் ஆழமும் சேர்த்து அளப்பின் அதன் உண்மை அளவு விளங்கும். கல்லிலும் செம்பிலும் ஆவணம் பொறித்தோர் இவ்விரண்டாம் கோலை அறிந்திருந்தனர். இன்றைய ஈட்டுத்தொகைச் சட்டம் அதனை மீண்டும் கைக்கொள்ளுமாயின், அது பழமை போற்றுதல் அன்று. நேர்மையாக அளத்தலே ஆகும்.